சுருக்கின பாட்டில் வராத ஆட்கள்

மேலக்கருப்பூர் ரைஸ்மில்காரர் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்று, தை மாசம் இரண்டாவது வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, தங்கபெருமாள் ஆடியோஸ் என்று எழுதியிருந்த இரண்டு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகளில் பாட்டைப் போட்டதும், அவற்றில் ஒன்றிலிருந்து முதலில் ஒரு பாட்டுக்காரர் கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கினார், அவருக்குப் பின்னால் வயலின்காரர்கள் பதினோரு பேர் வில்லை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்கள், தபேலாக்காரர் இறங்கினார், புல்லாங்குழல்காரர் இறங்கினார், கோரஸ் பாடும் பெண்கள் ஆறு பேர் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், கடைசியாக, அந்தப் பாட்டைப் பதிவு செய்த கட்டடத்துக்கு வெளியே அன்றைக்கு இருமிக்கொண்டு நின்ற காவல்காரரும் இறங்கி, பந்தல்காலைப் பிடித்தபடி மிச்ச இருமலை இருமி முடித்தார். ரைஸ்மில்காரர் சம்சாரம் இடுப்பில் கை வைத்து எல்லாரையும் எண்ணிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இன்னும் ஆளு உண்டுமா, இவ்வளவுதானா? மாவு பத்தாது."

"இந்தப் பாட்டுக்கு இவ்வளவுதான் தாயி" என்றார் தங்கபெருமாள்.

ஊர் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான். மாவு பத்தாமல் போனதால் ரவையைக் கிண்டி இறக்கினார்கள், வந்தவர்களைப் பந்தியில் உட்கார வைத்தார்கள், கோரஸ் பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள், காவல்காரருக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பதினொன்றரை மணிக்குத் தங்கபெருமாள் ஸ்விட்சை அணைத்ததும் எல்லாரும் கையைக் கழுவிவிட்டு வரிசையாகப் பெட்டிக்குள் ஏறிப் போய்விட்டார்கள்.

அதே காலையில், மூன்று தெரு தள்ளி ஒரு காதுகுத்து வீட்டில், வெயில்முத்து சவுண்ட் சர்வீஸ் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்தும் ஆட்கள் இறங்கத்தான் செய்தார்கள். அதே பாட்டுதான். ஆனால் இந்தப் பாட்டுக்காரருக்குக் கழுத்தில் வேர்வை இல்லை, வெயிலில் நின்றும் தரையில் நிழல் விழவில்லை. பதினோரு வயலின்காரர்கள் நாலு பேராகக் குறைந்திருந்தார்கள், அந்த நாலு பேரில் ஒருவருக்குக் கைக்கு இரண்டு விரல்தான். தபேலாக்காரருக்கு வலது கை மட்டும் இருந்தது. கோரஸ் பெண்கள் ஆறு பேரும் ஒட்டி ஒரே பெண்ணாக வந்திருந்தார்கள். காவல்காரர் வரவே இல்லை. வந்தவர்களும் ஆளுக்கு அரை இட்லியைப் பிட்டுத் தின்றுவிட்டுப் போதும் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

வெயில்முத்துவுக்குக் காரணம் தெரியும். எட்டாம் வகுப்புத் தாண்டாதவர் என்றாலும் தொழில் தெரிந்தவர். ஒரு பாட்டை அப்படியே வைத்தால் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட இடத்தை அடைக்கும், எம்பி3 ஆகச் சுருக்கினால் பத்தில் ஒரு பங்கு இடம் போதும், பெரிய சத்தத்துக்கு அடியில் இருக்கும் சின்னச் சத்தம் எப்படியும் காதில் விழாது என்று அதைக் கம்ப்யூட்டரே கழித்துத் தள்ளிவிடும். பதினாலாயிரம் பாட்டை இப்படிச் சுருக்கி ஒரு சுண்டுவிரல் பென் டிரைவில் அடக்கிக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு திரிகிற ஆள் அவர். தங்கபெருமாளோ எதையும் சுருக்காத ஆள், செங்கல் தண்டி ஹார்டு டிஸ்குகளை அடுக்கி வைத்து, எண்ணூறு பாட்டுக்கு மேல் சேர்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர். இருபது வருஷமாக ஊரில் ஒருத்தனுக்கும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. டீக்கடைக்காரர் அருளானந்தம் ஒருமுறை இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரெண்டும் சத்தந்தானவே" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்தத் தீர்ப்பில்தான் வெயில்முத்துவின் பிழைப்பும் மரியாதையும் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது வித்தியாசம் காதுக்கு வராமல், கால் முளைத்துப் பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தங்கபெருமாள் அந்நிய ஆள் இல்லை, வெயில்முத்துவுக்குச் சகலை. அக்காவை அவர் கட்டினார், தங்கை ஆவுடையை இவர் கட்டினார். மாமியார் இசக்கியம்மாள் உயிரோடு இருந்தமட்டும் மூத்த மருமகனுக்கு முதல் இலை, இளைய மருமகனுக்கு அடுத்த இலை. அதைக்கூட வெயில்முத்து பொறுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். பொறுக்க முடியாதது வேறு. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவருடைய கல்யாணத்துக்கு, மாப்பிள்ளையே மைக் செட் வைத்திருக்கும்போது, மாமியார் மூத்த மருமகனின் மைக் செட்டைக் கட்டச் சொன்னாள். தன் கல்யாணத்துக்குத் தன் குழாயைக் கட்ட முடியாத மாப்பிள்ளை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

அதற்கு மேலும் ஒன்று உண்டு, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தாலி கட்டி முடித்து மணவறையைச் சுற்ற எழுந்திரிக்கும்போது ஆவுடை தள்ளாடினாள். தள்ளாடினவள், பக்கத்தில் புருஷன் இருக்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கபெருமாள் நீட்டிய கையைப் பிடித்து எழுந்தாள். எழுந்ததும் விட்டுவிட்டாள், அவ்வளவு நேரம்தான். ஆனால் அந்தக் கையை வெயில்முத்து முப்பத்தாறு வருஷமாக விடவில்லை. சாப்பிடும்போது நினைப்பார், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து வைத்துக்கொண்டு நினைப்பார், ஆவுடை பிள்ளை பெற்று வந்த வாரத்திலும் நினைத்தார். அன்று முதல் சகலை வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஏன் என்று ஆவுடையும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

தை முடிந்து மாசி வந்ததும் ஊர் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. தங்கபெருமாள் போடுவது முழுப்பாட்டு, வெயில்முத்து போடுவது சுருக்குப்பாட்டு என்று பெயர் விழுந்தது. சின்ன வீட்டில் சடங்கு என்றால் சுருக்குப்பாட்டுதான் தோது, வருகிறவர்கள் ஒல்லியாக வருவார்கள், மூன்று பேர் ஒரு நாற்காலியில் உட்காருவார்கள், சோறு மிச்சம். இழவு வீட்டுக்கு முழுப்பாட்டுதான் வேண்டும், ஏனென்றால் சுருக்குப்பாட்டில் வருகிற ஆட்களுக்குக் கண்ணில் தண்ணீர் கிடையாது. கரண்டு போனால் வந்தவர்கள் பாதி இலையில் மறைந்துவிடுகிறார்கள், அது அவர்களுக்கு அவமரியாதை என்று கோயில் கமிட்டி ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தது. முழுப்பாட்டில் வருகிற வீணைக்கார அம்மாளின் ரவிக்கை கிழிந்திருப்பதைப் பார்த்து டெய்லர் அளவெடுத்து வைத்துக்கொண்டார், அடுத்த தடவை அதே பாட்டைப் போடும்போது புதுசு கொடுத்தார், அதற்கடுத்த தடவை அவள் பழைய கிழிசலோடே வர, அவர் கோபித்துக்கொண்டார். பதிவு நடந்த நாளில் மழை பெய்திருந்தால் முழுப்பாட்டில் மழையும் வந்தது, அதனால் மாசிக் கடைசியில் மிளகாய்ச் செடி வாடியபோது தங்கபெருமாளை வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்தில் பாட்டுப் போடச் சொன்னார்கள். அவரும் போட்டார், ஒரு பாத்திக்கு நனைந்தது.

இதையெல்லாம் வெயில்முத்து அருளானந்தம் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், டீ ஆறிப் பாலாடை கட்டும்.

"உம்ம பாட்டுல மழ வராதோ?" என்பார் அருளானந்தம்.

"வெயிலடிக்கும்."

"அதான் ஏற்கெனவே அடிக்கே."

"அந்த ஆளு என்ன பெரிய இவரா? கழிச்சுப் போடவேண்டியதக் கழிக்காம வச்சிருக்கது ஒரு தொழிலா? குப்பையையும் சேத்து வித்தா எடை கூடத்தான் செய்யும்."

"குப்பன்னு சொல்லாதியும். நேத்து அந்தக் காவல்காரரு நம்ம கடையிலதான் டீ குடிச்சாரு. நல்ல மனுசன்."

பங்குனியில் அது வீட்டுக்குள் வந்தது. ஒருநாள் மத்தியானம் ஆவுடை சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். அவள் கேட்பது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம்.

"அக்கா சொல்லிவிட்டா. நம்ம கல்யாணத்த அத்தான் பெரிய தட்டு டேப்புல பிடிச்சாவள்லா. அத அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காவளாம். போட்டாவளாம். அம்மா வந்தாளாம்."

வெயில்முத்து கவளத்தை இலையில் வைத்தார்.

"எந்த அம்மா?"

"எங்க அம்மாதான். பின்வரிசையில தூணுக்கு அந்தாண்ட உக்காந்து அழுதுட்டு இருந்தா, அப்படியே வந்துட்டாளாம். அக்கா அவகூட ஒரு மணி நேரம் பேசினாளாம். சின்னவ எங்கன்னு கேட்டாளாம்." அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாரேன்."

"நம்மகிட்டயும் அந்த டேப்புல இருந்து எடுத்த கேசட்டு இருந்துச்சுல்லா. அத நானும் ஏத்தி வச்சிருக்கேன்."

"அத நீங்க இல்லாதப்ப மூணு தடவ போட்டுப் பாத்தேன். அம்மா வரல. நாயனக்காரரு வாராரு, தவில்காரரு வாராரு, நீங்க வாரீக. நான் வாரேன்." அவள் முந்தானை நுனியைப் பிரித்தாள். "எனக்கு வாய் இல்ல."

கெட்டிமேளம் கொட்டுகிற இரைச்சலில் அன்றைக்கு அடங்கின குரலில் நடந்ததெல்லாம் கழிந்துபோயிருக்கும் என்று அவருக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கினதும் தன் மேல் வரவேண்டிய கோபம் வேறு திசையில் போனது. தன் பெண்டாட்டி முழுசாக, வாயும் நிழலும் வளையலுமாக, இருபது வயதில், இன்னொருத்தன் வீட்டு ஹார்டு டிஸ்கில் இருக்கிறாள். அவன் நினைத்தபோது ஸ்விட்சைப் போட்டு அவளை வாசலில் இறக்கலாம், உட்கார வைக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம். கட்டினவனுக்குக் கிடைத்தது வாயில்லாத ஒரு சுருக்கம். இதை நினைத்தபோது அவருக்கு நெஞ்சுக்குள் மிளகாய் வற்றல் கருகுகிற மாதிரி இருந்தது.

"அந்த வாசல மிதிச்சா இந்த வாசலுக்கு வராத" என்றார்.

ஆவுடை எழுந்து ரசத்தை எடுத்துவந்தாள். அவர் இலையில் ஊற்றினாள். பிறகு பதினாறு நாள் ஆகியும் அவரிடம் பேசவில்லை.

பதினேழாம் நாள் வெயில்முத்து பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஜெபமணி கம்ப்யூட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஜெபமணி கண்ணாடி போட்ட பெண், கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கும் சொல்வாள். அவர் பென் டிரைவைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினார்.

"இத முழுப்பாட்டா மாத்தணும் தாயி. இதுல கல்யாணம்னு ஒண்ணு இருக்கும், அத முதல்ல."

"எம்பி3ய சுருக்காத வேவ் ஃபைலா ஆக்கணுங்கிறீங்க. ஆக்கலாம் அண்ணாச்சி, அஞ்சு நிமிசம். சைஸ் பத்து மடங்கு பெருசாகும். ஆனா அதனால என்ன பிரயோஜனம்? கழிஞ்சது கழிஞ்சதுதான், திரும்பி வராது. சின்ன போட்டோவ இழுத்துப் பெருசாக்குற மாதிரிதான். ஒரிஜினல் கேசட்டு இருந்தா கொண்டாங்க."

கேசட்டு பூசணம் பிடித்துப்போய் ஒன்பது வருஷத்துக்கு முன்பே குப்பைக்குப் போயிருந்தது. அவள் சொன்னதில் பத்து மடங்கு என்பதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார், மற்றதைக் கழித்துவிட்டார். தங்கபெருமாளுடைய பாட்டு பெரிய சைஸ், அதனால் அதில் ஆள் முழுசாக வருகிறது, என் பாட்டும் அதே சைஸுக்கு வந்துவிட்டால் என் ஆளும் முழுசாக வரும், இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். மடியில் புது ஹார்டு டிஸ்க் இருந்தது. அதன் கனம் அவருக்குப் பிடித்திருந்தது.

அம்மன் கோயில் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நாட்டின மறுநாள், கமிட்டித் தலைவர் சண்முகவேலைப் பார்த்துச் சொன்னார்.

"கொடை அன்னைக்கு மத்தியானப் பந்தியில எங்க கல்யாணத்தப் போடப்போறேன். எங்க மாமியாவுக்கு முதல் பந்தியில முதல் இலை. பரிமாறுறது நான்."

"தங்கபெருமாள் முழுப்பாட்டு போடுததா ஏற்பாடாச்சே."

"அந்த ஆளுகிட்டக் கேட்டுப் பாரும்."

கேட்டதற்குத் தங்கபெருமாள், "சகலையே போடட்டும், நமக்கென்ன" என்று சொல்லிவிட்டாராம். மறுத்திருந்தால் வெயில்முத்துவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இப்படி விட்டுக்கொடுத்தது அவரை இன்னும் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேதான் இருக்கிறது, அன்றைக்கு மணவறையிலும் அந்தக் கை இப்படித்தான் நீண்டது என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

கொடை அன்று உச்சி வேளையில் அம்மனுக்குத் தீபாராதனை முடிந்து, கொட்டகையில் இருநூறு இலை விரித்தாயிற்று. முதல் இலை காலியாக, தலையில் ஒரு பூவோடு காத்திருந்தது. ஆவுடை தாய்க்கென்று எடுத்த கத்திரிப்பூ நிறச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெயில்முத்து புது டிஸ்கைச் சொருகி, அம்மனைக் கும்பிட்டு, ஸ்விட்சைத் தட்டினார்.

நாயனக்காரர் இறங்கினார். அவர் தலை கொட்டகைக் கீற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது. தவில்காரர் இறங்கினார், அவர் தொடை ஒவ்வொன்றும் ஒரு நெல் குதிர் அளவு இருந்தது. அடுத்து வந்த உறவுக்காரர்கள் எட்டுப் பேரும் பந்திக்கு இடமில்லாமல் மதிலில் உட்கார்ந்தார்கள், மதில் முனங்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்குக் கனமே இல்லை. காற்றடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். சுருக்குப்பாட்டில் போலவே தவில்காரருக்குக் கைக்கு மூன்று விரல்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு விரலும் வாழைத்தண்டு போல இருந்தது. சண்முகவேல் மரியாதைக்கு ஒரு இலையில் சாம்பார் ஊற்றினார், தவில்காரர் எடுத்துக் குடித்தார், குடித்த சாம்பார் அவர் வயிற்றைத் தாண்டி நேராகத் தரையில் வடிந்தது.

அருளானந்தம் அண்ணாந்து பார்த்தார். "பெருசாத்தான் இருக்கு வே. உள்ளதான் ஒண்ணத்தையும் காணோம்."

"சின்னதா வந்தப்பவாவது அரை இட்லி தின்னாவ" என்றாள் ரைஸ்மில்காரர் சம்சாரம். "இப்ப எதக் குடுக்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. விருந்தாளி எப்படி வந்தாலும் விருந்தாளி என்று பாயை இழுத்துப் போட்டார்கள், ஒருவர் காற்றில் பறந்துவிடாமல் இருக்கக் கயிறு கொண்டுவந்தார். சிரித்திருந்தால் வெயில்முத்து திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பார். இந்தப் பொறுமையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியாக மாப்பிள்ளையும் பெண்ணும் இறங்கினார்கள். மாப்பிள்ளை தேர் உயரத்தில், பட்டு வேஷ்டியில், ஒரு குறையும் இல்லாமல் சிரித்த முகமாக இருந்தான். அவனைப் பார்த்தபோது வெயில்முத்துவுக்குக்கூட ஒரு கணம் பெருமையாக இருந்தது. பெண் கோயில் கோபுரத்துப் பாதி உயரத்துக்கு நின்றாள். கண் இருந்தது, மூக்குத்தி இருந்தது, மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழவழவென்று சுவர் பூசின மாதிரி இருந்தது. முன்னே அது கைக்குட்டை அளவு இல்லாமை, இப்போது ஒரு கதவு அளவு இல்லாமை. இசக்கியம்மாள் வரவில்லை.

ஆவுடை அண்ணாந்து தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சேலையை எடுத்துக்கொண்டு எழுந்து புருஷனிடம் வந்தாள். பதினாறு நாளும் அதற்கு மேலும் பேசாதிருந்தவள் ஊர் முன்னால் பேசினாள்.

"இதுலயும் எங்க அம்மா இல்ல. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். வாசல்ல சேத்துக்கிடுறதும் சேத்துக்கிடாததும் உங்க இஷ்டம்."

நல்ல வெயிலில், நேர்த்தெருவில், ஒருவர் கண்ணுக்கும் மறைக்காமல் அவள் நடந்து போனாள்.

வெயில்முத்து ஸ்விட்சை அணைத்தார். பெரிய ஆட்கள் எல்லாரும் ஓசையில்லாமல் சுருங்கிப் போனார்கள். முதல் இலையில் இருந்த பூவைப் பார்த்தபடி அவர் கால் மணி நேரம் நின்றார். அவள் திரும்பி வந்தால் சேர்க்காமல் இருக்க வேண்டும், சேர்க்காமல் இருந்தால் தனியாக இருக்க வேண்டும், சேர்த்துக்கொண்டால் சொன்ன சொல் போய்விடும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்தார். பிறகு, என்னதான் நடக்கிறது என்று மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவதில் தப்பில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டாமல் கிளம்பினார்.

தங்கபெருமாள் வீட்டு மதிலுக்கு வெளியே நிற்க இடம் கிடைக்கவில்லை. தெருவெல்லாம் கல்யாணக் கூட்டம். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தின கூட்டம், இப்போது இல்லாத பல பேர், சரியான உயரத்தில், சரியான நிழலோடு, வேர்த்து, விசிறி, தும்மி, பிள்ளையை அதட்டி, வெற்றிலை கேட்டு நின்றார்கள். பந்தல் போட்ட தச்சன் ஓரத்தில் இன்னும் ஒரு ஆணியை அடித்துக்கொண்டிருந்தான். கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தத்தோடு அந்த வாளியும் இருந்தது. கூட்டம் தள்ளின தள்ளலில் அவர் வாசலைத் தாண்டி முற்றத்துக்கே வந்துவிட்டார். கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழட்டுத் தங்கபெருமாள் அவரைப் பார்த்தார்.

"வாரும். அங்ஙன நிக்காதியும், நாயனக்காரரு போற வழி அது."

முற்றத்து மூலையில் தூணுக்கு அந்தப் பக்கம் இசக்கியம்மாள் கத்திரிப்பூச் சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தோளில் ஐம்பத்தாறு வயது ஆவுடை தலையைச் சாய்த்திருந்தாள். மகள் தாயைவிடக் கிழவியாக இருந்தாள், தாய்க்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. "மெலிஞ்சுட்டியேட்டீ" என்றுமட்டும் சொன்னாள்.

அப்போது கெட்டிமேளம் எழுந்தது. தவில்காரர் பத்து விரலாலும் கொட்ட, முற்றத்தின் நடுவில் மணவறையும் அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். வெயில்முத்து முதலில் பெண்ணைத்தான் பார்த்தார். அவளுக்கு வாய் இருந்தது. மேலுதட்டில் வேர்வை இருந்தது. மாப்பிள்ளை தாலியில் மூன்றாம் முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் தலையைக் குனிந்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், பேசினாள். அவ்வளவு இரைச்சலிலும் முழுப்பாட்டில் அது தெளிவாக இருந்தது.

"வலது காலு மரத்துப்போச்சு. எந்திரிக்கும்போது ஒரு கை குடுங்க."

மாப்பிள்ளை கேட்கவில்லை. கொடைப் பந்தியில் சிரித்த முகமாக நின்றவன் இங்கே பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான், அந்த நறநறப்பும் தெளிவாக இருந்தது. கை முடிச்சைப் போட்டது, முகம் வேப்பமரத்து உச்சியில் கட்டியிருந்த சகலையின் குழாயைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "நம்ம குழாயா இருந்தா எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும்" என்று அவன் தனக்குள் முணுமுணுத்தான்.

அவள் இரண்டாம் தடவை சொன்னாள். "ஒரு கை குடுங்க, விழுந்துருவேன் போல."

அவன் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் எழுந்திரிக்கச் சொன்னார். பெண் எழுந்தாள், தள்ளாடினாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற வாலிபத் தங்கபெருமாளின் இடது கை, அவன் யோசிக்கும் முன்பே, நீளத் தொடங்கியது. கிழட்டு வெயில்முத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார், ஒரு சித்தப்பாவை இடித்தார், ஆணியடித்த தச்சனை மிதித்தார், சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார், சகலையின் கைக்கு ஒரு விரற்கடை முன்னால் தன் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்தாள். அவள் கை சூடாக, ஈரமாக, நல்ல கனமாக இருந்தது. பிடித்து எழுந்து காலை உதறிக்கொண்டு, யாரோ பெரியவர் என்று அவரை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருப்பீங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை குழாயை விட்டுத் திரும்பினான். தன் பெண்டாட்டியின் கை முன்பின் தெரியாத ஒரு கிழவன் கைக்குள் இருப்பதைக் கண்டான். அவன் கண் முதலில் அந்தக் கைகளில் நின்றது, பிறகு கிழவன் முகத்தில் ஏறியது, அங்கேயே தங்கியது. அந்தப் பார்வை எத்தனை வருஷம் இருக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் வெயில்முத்து ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"ஏலே, அவளுக்குக் காலு மரத்துப்போச்சுலே, அதுக்குத்தான்" என்று அவனிடம் சொன்னார். கிட்டே குனிந்து இன்னொரு தடவை சொன்னார். தவில் உச்சத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.